முப்பது அடி தள்ளி

குளியலறைக்குள் சைரன் ஊதுகிறது.

முதலில் தாழ்ந்து எழும்பும் நீண்ட ஊதல். அடுத்து, சந்தியில் வண்டிகளை விரட்டும் குறுகிய வெட்டு ஊதல். தண்ணீர் கொட்டும் ஓசை, ஓர் இருமல், மறுபடியும் நீண்ட ஊதல். எதிர்வீட்டுக்குக் குடிவந்து நாலு மாதமாகியும் எனக்கு இது பழகவில்லை. பாதி எழுந்துவிட்டேன். கறிபாப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்த கிளாரிசா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உக்காருங்கக்கா. அவரு குளிக்கிறாரு." பிறகு கதவைப் பார்த்து, "ஏங்க, மிஸ்ஸி வர்ற நேரமாச்சு! தீய அணைச்சிட்டு வெளிய வாங்க லா!"

சைரன் பாதியில் நின்றது.

ரோனி கபிரியேலுக்கு நாற்பத்தேழு வயது. கிள்ளானில் ஒரு தீயணைப்பு நிலையத்தில், ஊர்ப்பேச்சில் பொம்பாவில், இருபத்திரண்டு வருடமாகத் தீயணைப்பு லோரி ஓட்டுகிறார். பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். அப்பா ரயில் ஓட்டியவர். "எங்கப்பாவுக்கு தண்டவாளம் இருந்திச்சு, ஸ்டியரிங் இல்ல. எனக்கு ஸ்டியரிங் இருக்கு, ரோடு இல்ல. எங்க பாத்தாலும் ஜாம்!" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் சிரிப்பதற்கு முன் தாமே சிரித்துவிடுவார்.

உயரமில்லை, ஆனால் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. முழங்கையில் பளபளவென்று ஒரு தழும்பு. எந்தத் தீயில் பட்டது என்று நான் உருகிப்போய்க் கேட்டபோது, "அட போங்கக்கா, பொம்பாவுல இத்தன வருஷம் ஒரு கொப்புளம் கெடையாது. கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுட்டேன், எண்ண தெறிச்சிருச்சு!" என்றார்.

திருமண மண்டபத்துக்குள் நுழைந்தால் மணமக்களைப் பார்க்கமாட்டார்; வெளியேறும் வழி எத்தனை என்று எண்ணுவார். மகளின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும்போது, பக்கத்தில் ஈரத்துணியோடு நிற்பார். தேவாலயத்துக்குப் போகும் காற்சட்டையைக்கூட, காலை விட்டு ஒரே இழுப்பில் மாட்டும்படி சப்பாத்தின் மேல் சுருட்டி வைத்திருப்பார். "பூசைக்குப் போற மனுஷன் ஏழு நொடியில ரெடியாகி என்ன பண்ண? நானும் பிள்ளையும் ரெடியாக முக்கா மணி நேரம்" என்பது கிளாரிசாவின் நிரந்தரப் புகார்.

அந்தச் சிரித்த முகம் வாடி நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு விபத்து. செம்பனைப் பழம் ஏற்றிய லோரியின் அடியில் ஒரு கார் புகுந்துவிட்டது. ரோனியின் குழு தகரத்தை வெட்டி, உள்ளே இருந்தவரைப் பதினோரு நிமிடத்தில் வெளியே எடுத்தது. அதன் பிறகு முப்பத்தெட்டு நிமிடம் ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த வண்டிகள் எல்லாம் வேறு அழைப்புகளுக்குப் போயிருந்தன. யாரையும் குறைசொல்ல வழியில்லை. அந்த முப்பத்தெட்டு நிமிடமும் அந்த மனிதர் ரோனியின் விரலை விடவே இல்லை. ஆள் பிழைத்துவிட்டார், வலது பாதம் போயிற்று. "எங்கிட்ட இவ்ளோ பெரிய லோரி நிக்குதுக்கா. ஏணி இருக்கு, தண்ணி இருக்கு, அஞ்சு ஆம்பளைங்க இருக்கோம். ஒரு மனுஷன் படுக்க எடம் இல்ல" என்றார் ரோனி.

கிள்ளானில் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு தொண்டு ஆம்புலன்ஸ் நடத்துகிறார்கள். கேரி தீவுத் தோட்ட வீடுகளிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிப் போகும் ஒற்றை வண்டி. ஓட்டுநர் இருவரில் ஒருவர் ஜொகூருக்குப் போய்விட்டார். மிஞ்சியவர் தம்புசாமி, அறுபத்தாறு வயது, இரண்டு முட்டியிலும் வலி. வாரத்தில் மூன்று நாள் வண்டி சும்மா நிற்கிறது. அந்த மூன்றில் தமக்கு ஓய்வு விழும் நாட்களில் ஓட்டுகிறேன் என்று ரோனி எழுதிக் கொடுத்தார். மேலதிகாரியின் அனுமதிக் கடிதமும் வாங்கி இணைத்தார். தீயணைப்பு வீரர் ஆம்புலன்ஸ் ஓட்டலாமா என்று செயற்குழு மூன்று கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் முடிவைச் செயலாளர் பெர்னடெட்டிடம் விட்டது.

பெர்னடெட் முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். ரோனி குளியலறையில் வாயால் சைரன் ஊதிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, தம்புசாமி ஓட்டிவந்த ஆம்புலன்சிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். கறிபாப்பைத் தொடவில்லை.

"ரோனி, நேராவே பேசுறேன். பொம்பாக்காரங்க எங்க வண்டிய ஓட்டுறதுல எனக்கு இஷ்டம் இல்ல."

"சொல்லுங்க மிஸ்ஸி."

"ராத்திரி பூரா தீயில நின்னுட்டு, காலைல வந்து ஸ்டியரிங்க புடிப்பே. கண்ணு சொக்கும்."

"ஷிப்ட் முடிஞ்ச அன்னிக்கு சாவியத் தொடமாட்டேன். நல்லா தூங்கி எந்திரிச்சு மறுநாள்தான். எங்க ஆபிசரும் அப்படித்தான் எழுதியிருக்காரு."

"மறுநாளும் பெரிய தீன்னு உன்னக் கூப்பிட்டா? பேஷண்ட உள்ள வெச்சுக்கிட்டு அங்க ஓடுவியா?"

"ஒருத்தர ஏத்திட்டா, ஆஸ்பத்திரியில ஒப்படைக்கிற வரைக்கும் அவருதான் மிஸ்ஸி எனக்கு வேல. அதுக்கப்புறம்தான் தீ."

பெர்னடெட் தமது இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அது முழுதாக மடங்காது. என்றோ ஓர் ஓட்டுநர் ஆம்புலன்சை வேகமாக வளைத்தபோது பின்னால் இருந்த இவர் வண்டிச் சுவரில் மோதி உடைத்துக்கொண்டது.

"வேகமா ஓட்டுறவன் எல்லாம் உசுரக் காப்பாத்துறதா நெனச்சுக்கிறான். உருளுறது பின்னால இருக்கிற நாங்க. நீ தண்ணி ஏத்திக்கிட்டுப் போறவன் தம்பி. தண்ணிக்கு வலிக்காது."

ரோனி அந்த மணிக்கட்டை உற்றுப் பார்த்தார்.

"பேசி என்னாத்துக்கு?" பெர்னடெட் எழுந்தார். "நான் படுக்குறேன். நீ ஓட்டு. ஜெஞ்சாரோம், தம்புசாமி வீட்டு வரைக்கும்."

அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி தூக்குக்கட்டிலில் ஏறிப் படுத்து, தாமே வார்களை இறுக்கிக்கொண்டார். பக்கத்துப் பலகையில் என்னை உட்காரச் சொன்னார். முன்னால் ரோனியும் தம்புசாமியும். வண்டி நகர்ந்தது.

"மிஸ்ஸி, முன்னாடி பம்ப்பு. ஏறுது... எறங்குது... ஆச்சு."

வண்டி பெரிய ரோட்டுக்குத் திரும்பியது.

"எதிர்ல பழ லோரி. இடப்பக்கம் ஒதுங்குறேன்."

"யாருகிட்ட பேசிக்கிட்டு வர்றே?" என்று பெர்னடெட் படுத்தபடியே கேட்டார்.

"உங்ககிட்டதான். பழக்கம் மிஸ்ஸி. லோரியில பின்னால பசங்க குனிஞ்சு பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருப்பாங்க. முன்கூட்டிச் சொல்லலன்னா மண்டையில இடிச்சிக்குவானுங்க. ரோட்டுல லுபாங், ரெண்டு குழி. மெதுவாப் போறேன்."

பெர்னடெட்டின் கைகள் வாரைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. கண்கள் மேலே வெள்ளைத் தகரத்தில் நின்றன. தெலுக் பங்லிமா காராங் தாண்டும்போது, விரல்கள் ஒவ்வொன்றாக வாரை விட்டன.

"முப்பத்தொரு வருஷம் பேஷண்ட் பக்கத்துல உக்காந்து போயிருக்கேன்," என்றார், என்னிடம் மட்டும். "படுத்துக்கிட்டுப் போறது இன்னிக்குத்தான். வண்டி எங்க போவுதுன்னே தெரியல பாரு. பயமா இருக்கு. பேஷண்ட் ஒருத்தரும் இத எங்கிட்ட சொன்னதில்ல."

ரோனி தேர்வில் தேறிவிட்டார் என்று நான் நினைத்தேன். வண்டி நின்றது. பின்கதவு திறந்தது. பெர்னடெட் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வீடு எங்க?"

"அதோ மிஸ்ஸி, நீலக் கேட்டு."

"நீலக் கேட்ட நான் ஏன் இவ்ளோ தூரத்துலேருந்து பாக்குறேன்?"

வண்டி முப்பது அடி தள்ளி நின்றிருந்தது. அதுவும் நேராக இல்லை. சந்து முழுவதும் அடைபடும்படி குறுக்கே சாய்ந்து. ரோனி தம் கைகளையே வேறு யாருடையவையோ என்பதுபோல் பார்த்தார்.

"கிட்டப் போனா வண்டிக்கு சூடு புடிக்கும்... ரோட்ட மறிச்சு நிறுத்துனாத்தான் பசங்க மேல வேற வண்டி ஏறாது... அந்தப் பழக்கம்..."

"தம்புசாமி வீடு எரியுதா?"

"காலைலேருந்து எம் பொண்டாட்டிதான் எரிஞ்சுக்கிட்டு இருக்கா" என்றார் தம்புசாமி.

பெர்னடெட் சிரிக்கவில்லை. "முப்பது அடி ஸ்ட்ரெச்சரத் தூக்கிக்கிட்டு நடக்கிறது யாரு? மழை பெஞ்சா? இதத்தான்டா சொன்னேன்."

ரோனி இறங்கிச் சந்தின் இருபுறமும் கண்ணை ஓட்டினார்.

"இப்ப என்னாத்தத் தேடுறே?"

"தண்ணிக் குழாய் எங்க இருக்குன்னு..." என்று தொடங்கியவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே தலை குனிந்திருப்பார். ரோனி மறுபடி ஏறி உட்கார்ந்தார். "மிஸ்ஸி, எறங்காதீங்க. அப்படியே படுத்திருங்க" என்றார். பின்னோக்கி எடுத்து, வண்டியின் பின்கதவை நீலக் கேட்டின் வாசற்படிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்து பக்கத்து வீடு. அதற்கடுத்து அதற்குப் பக்கத்து வீடு. முதல் இரண்டில் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது, கை கேட்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஆறடி. நாலாவதில் இரண்டடி. அதற்குள் சந்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒன்னும் இல்ல ஆன்டி! பழகுறோம்!" என்று ரோனி ஜன்னலில் கையை ஆட்டினார். ஆறாவது வீட்டில், அந்த வீட்டுக்காரர் திகைத்துப்போய்க் கேட்டைத் திறந்தேவிட்டார். தூக்குக்கட்டிலில் படுத்திருந்த பெர்னடெட் அவருக்கு வணக்கம் சொன்னார்.

தம்புசாமி அங்கேயே இறங்கிக்கொண்டார். முட்டியைத் தடவியபடி, "நீ பாத்துக்க தம்பி" என்றார். அதைப் பெர்னடெட் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீடு திரும்பியதும் பெர்னடெட் ஒரு கோப்பை தேநீர் குடித்தார். ஒரு கறிபாப் சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்தார். வெங்காயம் கூடுதல் என்று கிளாரிசாவிடம் சொன்னார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரோனி நாற்காலி நுனியில், கைகளைத் தொடைகளுக்கிடையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் தீக்குள் போய் வந்தவர், ஒரு மெலிந்த பெண்மணி தே குடித்து முடிப்பதைப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

பெர்னடெட் கைப்பேசியை எடுத்து எதையோ தட்டினார். எழுந்தார். ரோனியும் துள்ளி எழுந்தார்.

"வாங்க மிஸ்ஸி, நானே உங்கள வீட்டுல கொண்டு போய் விட்டுர்றேன்."

"வேணாம். கிராப் டாக்சி கூப்பிட்டாச்சு."

ரோனியின் முகம் விழுந்துவிட்டது. நான் கிளாரிசாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஒரு சிறிய கார் வந்து, வாசலை அடைத்து நின்ற ஆம்புலன்சின் பின்னால் ஒண்டி நின்றது. பெர்னடெட் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஆம்புலன்சைத் திறந்து, தம் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

"மிஸ்ஸி! சாவி! வண்டி சாவி எங்கிட்ட இருக்கு!" வெறுங்காலோடு ரோனி ஓடினார்.

பெர்னடெட் கண்ணாடியை இறக்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் முனையில் திரும்பிப் போய்விட்டது.

ரோனி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "மறந்துட்டுப் போகலங்க, உங்ககிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் கிளாரிசா. சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டினார்.