இணையதளத்தில் நான் கட்டிய கழிப்பறை

எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை ஒன்று உண்டு. கல்வித்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நேரில் வந்து தேடினால்தான் கிடைக்காது. அதைக் கட்டிய புண்ணியவதி நான்.

விழுப்புரம் மாவட்டம் பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளி, நான் தலைமையாசிரியை. ஆண்டுதோறும் பள்ளி விவரங்களை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் வரைக்கும் யாரும் அதைத் தொடமாட்டோம். அன்றைக்கு வட்டாரத்துத் தலைமையாசிரியர்கள் எல்லாரும் திண்டிவனத்தில் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் கூடுவோம். முதலில் முடித்தவரின் பிரிண்ட் அவுட், பந்தியில் சாம்பார் வாளி போல வரிசையாகப் போகும். அந்த வருஷம் என் கைக்கு வந்தது பக்கத்து ஊர் சாருடையது.

“பசங்க எண்ணிக்கைய மட்டும் மாத்திக்கினு மத்தத அப்படியே அடிச்சிடுங்க டீச்சர். ஜல்தியா முடியும்” என்றார்.

அடித்தேன். அவர் பள்ளியில் பெண்கள் கழிப்பறை ஒன்று. ஆகவே என் பள்ளியிலும் ஒன்று. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அது கண்ணிலேயே படவில்லை.

எங்கள் பெண்பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளில் கெஞ்சிக் கேட்டுத்தான் போய்வர வேண்டும். அதற்காக ஒரு கழிப்பறை கேட்டு விழுப்புரம் கல்வி அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். ‘தங்கள் பள்ளியில் ஏற்கெனவே உள்ளது’ என்று பதில் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். தப்பாக ஏற்றிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் மெமோ கொடுப்பார்களே என்று பயம். அடுத்த ஆண்டு ‘பயன்பாட்டில் இல்லை’ என்று சாமர்த்தியமாக மாற்றினேன். இல்லாத ஒன்று பயன்பாட்டில் இல்லைதானே, பொய்யும் கிடையாது.

ரிப்பேர் என்று எடுத்துக்கொண்டார்கள் போல, சில மாதங்களில் டெம்போவில் ஒரு பிளாஸ்டிக் கதவு வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆள் பள்ளியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

“டீச்சர், பாத்ரூமுக்குக் கதவு மாத்தணும்னு ஆர்டரு. எங்க இருக்குது?”

“இல்லீங்க.”

“கதவு இல்லன்னு தெரியுங்க. பாத்ரூம் எங்க?”

“அதுவும்தான் இல்ல.”

ஆள் செல்போனை எடுத்தார். “எனக்குக் கதவு போட்டோ ஏத்தணும், பேஜாரு பண்ணாதீங்க டீச்சர்” என்று கதவை வகுப்பறைச் சுவரில் சாத்தி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே இணையதளத்தில் கழிப்பறை மறுபடி பயன்பாட்டுக்கு வந்தது. கதவைச் சத்துணவு அம்மா படுக்கப் போட்டு அதன்மேல் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைத்தார்.

பிறகு விவரங்களைச் சரிபார்க்க விழுப்புரத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். உபசரிப்பில் மயங்கிக் கிளம்பிவிடுவார் என்ற நப்பாசையில் வந்ததுமே இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். வகுப்பறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பன்னிரண்டு மணிக்கு நெளிய ஆரம்பித்தார்.

“டாய்லெட் எந்தப் பக்கம் டீச்சர்?”

நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்த ஐந்தாம் வகுப்புப் பெண் எழுந்து நின்றாள். பதில் தெரிந்தால் எழுந்து சொல்ல வேண்டும் என்று பழக்கி வைத்திருந்தேன்.

“இங்க இல்லீங்க மேடம். வீடுங்கள்ள போனா திட்றாங்க, அதான் நாங்க அடக்கிக்குவோம். காலையிலேர்ந்து தண்ணி குடிக்காம இருந்தா ஒண்ணும் தெரியாது. நீங்க எளநீ குடிச்சிட்டீங்க. பல்லக் கடிச்சிக்கினு குந்துங்க, நாலு மணிக்கு பெல் அடிச்சிடுவாங்க.”

கேலி இல்லை. பெரியவர் ஒருவர் கஷ்டப்படுகிறாரே என்ற அக்கறையில் சொன்னாள். மற்ற பெண்பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பாவி, இத்தனை நாள் என்ன வாத்தியார் வேலை பார்த்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதிகாரியம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

“பக்கத்து ஸ்கூலப் பாத்து எழுதிட்டேங்க மேடம்” என்றேன், என் பிள்ளைகள் எல்லார் முன்னாலும்.