சேலை வட்டத்துக்கு வெளியே

ருஷ்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில் அவளோடு வாதாடி வென்றவர் கிடையாது. அடுத்த வீட்டுக்காரியான நான் இருபது வருடமாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். உப்பளத்தில் வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். கல்வீடு கட்டியபோது, சமைக்கும் குசினிக்கு முன்பே குளியலறைக்குக் கதவு போட்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவள். மூன்றாம் நாள் அகதி முகாமில் பெரிய பிள்ளையானாள். நாற்பது குடும்பத்துக்கு ஒரே கிணறு, மறைவுக்கு ஓர் ஓலைகூட இல்லை. முதல் தண்ணீர் வார்ப்பதை ஆண் கண் பார்க்கக் கூடாது. ஏழு பெண்கள் சேலைகளை விரித்துப் பிடித்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி, வட்டமாக நின்றார்கள். உள்ளே உம்மாவும் அவளும் மட்டும்.

போன வருடம் கொழும்பிலிருந்து சாரங்கன் என்ற இளம் இயக்குநர் வந்தார். போருக்குள் வளர்ந்த ஒரு பெண்பிள்ளையின் படம் எடுக்கிறாராம். ருஷ்தா இதைச் சொன்னபோது கண்கலங்கிக் கேட்டார். சேலை பிடிக்க ருஷ்தா, நான் உட்பட ஒழுங்கைப் பெண்கள் ஏழு பேரைக் கூப்பிட்டார். பிள்ளையாக நடித்தது எங்கள் ஒழுங்கை அஸ்ரியா. எல்லாம் சரி. ஆனால் மனிதர் கமராவைக் கொண்டுபோய் வட்டத்துக்குள்ளே வைத்தார்.

“அத வெளியால எடுங்க தம்பி,” என்றாள் ருஷ்தா.

“பிள்ளை சட்டையோடதானே நிக்கிறா அக்கா. அவட முகத்திலதான் படமே இருக்கு.”

“அந்த முகத்த மறைக்கத்தான் ஏழு பேர் வெயிலுக்க நிண்டாங்க.”

வெளிச்சம் போகிறது என்று அவசரப்படுத்தினார். ருஷ்தா கையிலிருந்த சேலையை மடித்தாள். நானும் மடித்தேன். ஏழு சேலையும் மடிந்தன. யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை.

கடைசியில் கமரா வெளியே வந்தது. மறுபடி சேலைகளை விரித்து, வெளிப்பக்கம் பார்த்து நின்றோம். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். ருஷ்தா கமராவை முறைத்த முறைப்பில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சாரங்கன் பதிவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “பிள்ளையைக் காணவே இல்லையே அக்கா.”

“அண்டைக்கும் ஒருத்தரும் காணல்ல தம்பி. அதாலதான் மத்த நாள் அதே முகாமில நான் தலய நிமித்திக்கிட்டு நடந்தேன்.”