அக்கா தோட்டத்து வேலி

அவருக்கு ஊரில் 'ஷாக்கு' என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாகக் காட்டோர மின்வேலியைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள்? "ஷாக்கு மாமா, கை கொடுக்கலாமா, அடிக்குமா?" என்று கல்யாண வீட்டில்கூட விடமாட்டார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

வேலை ஒன்றும் லேசுப்பட்டதில்லை. தினமும் ஒன்பது கிலோமீட்டர் நடை. கம்பியில் படர்ந்த கொடிகளை வெட்ட வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் தனி பேட்டரி. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா என்று அறிய முதலில் காதைக் கொடுப்பார், பிறகு ஒரு பச்சைப் புல்லைக் கிள்ளிக் கம்பிமேல் வைப்பார். நொடிக்கு ஒரு தரம் விரலில் 'டொக்' என்று தட்டும். யானையை விரட்ட அது போதும், உயிரை எடுக்காது.

அவருடைய கூடப்பிறந்த அக்கா தோட்டத்துப் பேட்டரி போன வாரமே செத்துவிட்டது. புதிது கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். வனத்துறை ஆபீஸில் இருக்கிற புண்ணியவான்களுக்குக் காது கேட்டால்தானே!

அன்று காலை அங்கே போனவர் அப்படியே நின்றுவிட்டார். செத்த வேலி விடாமல் ரீங்காரம் போட்டது. மோட்டார் அறையிலிருந்து ஒரு கறுப்பு வயர், மக்காச்சோளத்துக்குள் ஒளிந்து ஒளிந்து கம்பிக்கு வந்திருந்தது. மோட்டாரை ஓட்டுகிற மின்சாரம்! யானை என்ன, மனுஷன் தொட்டாலும் கதை முடிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தார். வயரைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டார்.

"நான்தான் கொடுக்கச் சொன்னேன்," என்றாள் அக்கா, பின்னால் வந்து நின்று. "மூணு வருஷமா மொத்தத்தையும் தின்னுட்டுப் போகுது. இந்தத் தடவையும் போனா நான் எங்கேடா போவேன்?"

"தொட்டா செத்துடும்க்கா."

"சாகட்டும்! யானையாடா உன்கூடப் பொறந்துச்சு?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அதுதான் வலித்தது. "சாயங்காலத்துக்குள்ள பேட்டரியோட வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆபீஸில் கெஞ்சினார், பிறகு கத்தினார். அந்தக் கையெழுத்து, இந்தக் கையெழுத்து என்று அலைக்கழித்து ஒருவழியாகக் கொடுத்தார்கள். பேட்டரியை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு அவர் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பார்க்கக்கூடாததையெல்லாம் பார்க்கிற அளவுக்கு இருந்தது. பாதித் தோட்டம் தரையோடு தரையாகக் கிடந்தது. அக்கா வேலியோரம் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அவர் பேட்டரியைச் சுமந்தபடி அவள் முன்னால் போய் நின்றார்.

"மூணு வந்துச்சு," என்றாள். "தகரத்தைத் தட்டிக்கிட்டே ஓடினேன். ஒண்ணு என் பக்கமே திரும்பிடுச்சு. ஓடி வரும்போது இங்கே வழுக்கிடுச்சு." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. "இந்தக் கம்பியைப் பிடிச்சுதான்டா விழாம நின்னேன்."

கையிலிருந்த பேட்டரியைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நீ வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு உக்காந்திருந்தேன்," என்றாள் அக்கா, அழுதுகொண்டே. "அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டியேடா, பாவி."