ஆயுத பூஜையன்று கழன்ற டிரெய்லர்

திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் இல்லை. தாமல் ஏரிக்கரைக்கு ஏறும் சரிவில் பாதி தூரம் வந்திருந்தேன். இரண்டாவது கியரில் இன்ஜின் திணறவே, கிளட்சை மிதித்து முதல் கியருக்கு மாற்றினேன். டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு பாரமே இல்லாததுபோல் துள்ளி மேலே ஓடியது. ஐம்பது மணல் மூட்டைகளை இழுக்கிற டிராக்டர் அப்படி ஓடாது என்று என் மண்டைக்கு எட்டுவதற்குள், நான் கரையின் உச்சிக்கே போய்விட்டேன். கீழே, கூடையில் மண் அள்ளிக்கொண்டிருந்த பெண்களை நோக்கி டிரெய்லர் பின்பக்கமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

எழுபதுகளில் காஞ்சிபுரத்துக்கு மேற்கே ஓர் அரிசி ஆலையில் நான் டிராக்டர் டிரைவர். ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஃபிட்டர். என் வயதுதான் இருக்கும். ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருவார். கிறிஸ்தவர், அவருடைய அப்பா காலம்வரை ஊரார் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். நான் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. இதை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை, மறந்ததும் இல்லை. மற்றபடி ஒரே பீடிக்கட்டுதான். "உன் வண்டி இருமுது டிரைவரே, உன்ன மாதிரியே" என்பார். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுகிற காது அவருக்கு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே துள்ளினேன். டிராக்டரையும் டிரெய்லரையும் கோக்கிற தடித்த இரும்புப் பின்னைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, முதலாளி வீட்டுப் பூஜை அறையில் ஸ்பேனர்களோடு வைத்தேன். டிராக்டருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிக் காலையிலேயே பூஜை முடிந்துவிட்டது; அது ஓடலாம். ஆனால் சாமி முன்னால் வைத்த சாமானை மறுநாள் காலைப் பூஜை வரை அசைக்கக் கூடாது. முதலாளி பிள்ளையார்பாளையத்தில் சம்பந்தி வீட்டுத் தறிப் பூஜைக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். பூஜை அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது.

பகல் மூன்று மணிக்குத் தாமலிலிருந்து இரண்டு பேர் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். நாலு நாள் மழையில் ஏரிக்கரை ஓரிடத்தில் கசிகிறதாம், மூட்டை வேண்டுமாம். "கர பூட்டுச்சுன்னா ஊரே பூடும்பா" என்றார் ஒருவர். ஆலையில் சாக்கும் மணலும் இருந்தன. எல்லோருமாக நிரப்பி ஏற்றினோம். கோக்கப் போனபோதுதான் பின் எங்கே இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. "வேற எதுனா குடுபா" என்றேன். ஃபிட்டர் ஷெட்டைத் துழாவி ஒரு போல்ட்டை எடுத்து வந்தார். கொக்கியின் துளையில் அது லொடலொடவென்று ஆடியது.

"டிரைவரே, இது ஆவாது. மேடு ஏறும்போது ஒரு வெட்டு வெட்டுனா பூடும். சாவியக் குடு, நானே போயி எடுத்துக்கினு வரேன். சாமி கோவிச்சிக்கினா என்மேல கோவிச்சிக்கட்டும், எனக்கு ஏசு இருக்காரு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நீ அந்த ரூமுக்குள்ள காலு வெக்கக்கூடாதுபா" என்றேன். இரண்டு ஊர்க்காரர்களும் பக்கத்தில் நின்றார்கள். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "சரி" என்று மட்டும் சொல்லி, அந்தப் போல்ட்டை அவரே துளையில் இறக்கிக் கம்பியால் சுற்றிக் கட்டினார். டிரெய்லரில் ஏறுவதற்கு முன் ஒரு பெரிய கருங்கல்லைத் தூக்கி அதில் போட்டுக்கொண்டார்.

சரிவு வந்ததும் அவர் இறங்கி, அந்தக் கல்லோடு டிரெய்லருக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. போல்ட் முறிந்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல்லைச் செருகினாராம். சக்கரம் கல்லின்மேல் பாதி ஏறி, சறுக்கி, அவருடைய வலது கையின்மேல் இறங்கி நின்றது. பெண்களுக்கும் டிரெய்லருக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. நான் கரையிலிருந்து ஓடி வந்தபோது அவர் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல். ஊர்க்காரர்கள்தான் டிரெய்லரை நெம்பினார்கள். மூட்டைகளைத் தலையில் சுமந்துபோய் அடுக்கினார்கள், கரை நின்றது.

மறுநாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார். ஃபிட்டருக்கு அதற்குள் மூன்று விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். "அந்த போல்ட்ட யாரு குடுத்தது?" என்று முதலாளி கேட்டார். நான் வாய் கூசாமல், "ஃபிட்டருதான் குடுத்தாருங்க" என்றேன். பொய் இல்லையே.

படுத்திருந்தபடியே ஃபிட்டர் சொன்னார்: "ஆமாங்க, நான்தான் குடுத்தேன். நல்ல பின்னு எங்க இருந்துச்சுன்னு அவரையே கேளுங்க."

அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன். போலீஸ் வரைக்கும்கூட நினைத்துவிட்டேன். வார்த்தை தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன்: இரும்புப் பின் பூஜை அறையில் இருந்தது, சாவி என்னிடம் இருந்தது, அவர் எடுத்து வருகிறேன் என்றார், நான் விடவில்லை. முதலாளி கேட்டு முடித்தார். பக்கத்துக் கட்டில்காரருடைய மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி என் தோளில் கை வைத்தார்.

"சாமி முன்னாடி வெச்சத எப்பிடிபா எடுக்கிறது? அதுவும் இவன உள்ள வுட்டு? நீ செஞ்சதுதான் சரி" என்றார். அந்த அம்மாளும் தலையாட்டினாள்.

ஃபிட்டர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் எடுத்து வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு அவர் ஆலைக்கு வரவில்லை; நானும் ஓரிக்கைக்குப் போய்ப் பார்க்கவில்லை. டிரெய்லர் உருண்டதை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன் என்றேன் அல்லவா, அதையாவது தாங்கிக்கொள்ளலாம். முதலாளியின் கை தோளில் பட்டபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்து டீ குடித்தேன். நன்றாக இருந்தது.