நவம்பர் இதழ்

லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் ஆண்கள் மாத இதழில், ஐம்பதுகளின் நடுவே ஓர் ஆண்டுக்குரிய பதினோரு இதழ்கள் என்னிடம் இருந்தன. இல்லாதது நவம்பர். ஒன்றுமே இல்லாதவன் நிம்மதியாகத் தூங்குவான். பன்னிரண்டில் பதினொன்று வைத்திருப்பவனுக்கு அது முடியாது.

அந்தப் பதினொன்றும் விழுப்புரத்தில் கிடைத்தவை. ஜங்ஷனை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அப்போது ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்தன. போவதற்கு முன் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். ஓர் எஞ்சின் டிரைவர் வீட்டில் கட்டில் வாங்கி வரச் சொல்லி என் வீட்டார் என்னை அனுப்பினார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் அந்த வீட்டுக்காரர். திறந்து பார்த்தேன். கழுத்துப்பட்டைக்கு எத்தனை விதமாக முடிச்சுப் போடலாம், புகைக்குழாயில் புகையிலையை எப்படித் திணிக்க வேண்டும், ஓடையில் மீன் பிடிக்க எந்தத் தூண்டில் என்பது போன்ற, விழுப்புரத்தில் ஒருவனுக்கும் பயன்படாத செய்திகள் நிறைய இருந்தன. நல்ல சிறுகதைகள் இருந்தன. நடுப்பக்கத்தில் மாதம் ஒரு பெண்மணி, துணியைச் சிக்கனமாக உடுத்திக்கொண்டு, நம்மைப் பார்த்துச் சிரித்தார். நடுப்பக்கத்துக்காக நான் அவற்றை வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. அதற்காக மட்டும் இல்லை என்றால் ஒருசிலராவது நம்பலாம்.

பிறகு திண்டிவனம் தாலுகா ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. டிரங்குப் பெட்டியும் கூடவே வந்து வாடகை அறையில் குடியேறியது. பூச்சி அரிக்காமல் இருக்க இதழ்களுக்கு இடையில் வசம்பு வைத்தேன். ஒற்றை இதழ்களை ஒரு வரிசையாக்குவது எப்படி என்பதை அந்த அறையில்தான் கற்றுக்கொண்டேன். யாரிடமும் சொல்ல முடியாத கலை அது.

அப்போது எனக்குத் தகுதிகாண் பருவம். நிரந்தரமான குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்புவது சுலபமல்ல. குற்றச்சாட்டு எழுத வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், அதற்குள் அவன் ஓய்வு பெற்றுவிடுவான். தகுதிகாண் பருவத்தில் இருப்பவனுக்கு இவை எதுவும் வேண்டாம். 'பணிக்கு ஏற்றவர் அல்லர்' என்று தாசில்தார் ஒரு வரி எழுதினால் போதும். விழுப்புரத்தில் என் சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருந்தது.

புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய பேப்பர் கடையில் நவம்பர் கிடைத்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போகும் பிரெஞ்சுக்காரர்களின் வீட்டுக் காகிதமெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் போய், கடைசியில் ஒரு நாள் கண்ணில் பட்டது. முதுகு கிழியாமல், நடுப்பக்கம் பிய்க்கப்படாமல் இருந்தது. அதனுடன் வேறு ஆண்டுகளின் இதழ்கள் சிலவற்றையும் எடுத்து, செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டி, துணிப்பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மதுவிலக்கு, புதுச்சேரியில் கிடையாது. ஆகவே புதுச்சேரியிலிருந்து வரும் பஸ் ஒவ்வொன்றையும் கிளியனூருக்கு முன்னால் ஒரு சாவடியில் நிறுத்திப் போலீசார் சோதிப்பார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் ஏதாவது ஒன்றை எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு நிறைமாத வயிறு. பஸ் குலுங்கும்போதெல்லாம் வயிறு தளும்பியது.

ஏட்டு ஏறினார். நேராக என்னிடம் வந்து பையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, பலகையாட்டம் கீது?"

"புத்தகம்."

"அவுரு பாக்கலாம்."

சணலை அவிழ்த்து ஓரத்தைக் காட்டியிருந்தால் காகிதம் என்று பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார். அவர் தேடியது புட்டி. ஆனால் பயம் வந்தால் சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள், நான் விதியைக் கூப்பிடுவேன்.

"சோதனை போடுவதானால் இந்த வட்டாரத்தைச் சேர்ந்த கௌரவமான இரண்டு பேரைச் சாட்சி வைத்துத்தான் போட வேண்டும். கைப்பற்றியதற்கு மகஜர் எழுத வேண்டும். அதில் ஒவ்வொரு பொருளையும் குறிப்பிட வேண்டும்," என்றேன்.

ஏட்டின் முகம் மலர்ந்தது. அவருடைய அனுபவத்தில், சட்டம் பேசியவன் மடியில் எப்போதும் சரக்கு இருந்திருக்கிறது.

"கௌரவமான ஆளுதானே வோணும்? இட்டாரச் சொல்றேன். எறங்குங்க சார். டேய், சைக்கிள எடுத்துக்கினு ஜல்தி போயி முன்சீப்பக் கூட்டியா!"

கான்ஸ்டபிள் சைக்கிளில் பறந்தார். டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஜன்னல்களிலிருந்து எனக்கு அர்ச்சனை நடந்தது.

"இன்னாய்யா, அந்தப் பையிலதான் இன்னா கீது? தொறந்து காட்டிட்டுப் போயேன், பேஜாரா கீதே!"

"படிச்சவனோட பஸ் ஏறனா இதாங்க. வூடு போய்ச் சேர முடியாது."

இந்தக் கூச்சலில் நிறைமாத அம்மாள் இறங்கி, ஒரு நடை நடந்து காற்று வாங்கிவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வெயிலில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மதுவிலக்குச் சட்டத்தில் பத்திரிகை குற்றமில்லை. தண்டனைச் சட்டத்தின் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பிரிவு ஆபாசப் பிரசுரத்தை விற்பவனையும் விற்பதற்காக வைத்திருப்பவனையும்தான் பிடிக்கும், சொந்தத்துக்கு வைத்திருப்பவனைப் பிடிக்காது. சட்டப்படி நான் சுத்தம். ஆனால் சட்டப்படி சுத்தமானவன் என்று நிரூபிக்க நான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட்டுக்குப் போன செய்தி தாசில்தாருக்குப் போகும். அவருக்கு ஒரு வரி போதும்.

கிராம முன்சீப் குடையைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். கூடவே அந்த ஊர் மளிகைக் கடைக்காரர், இரண்டாவது கௌரவஸ்தர். முன்சீப் எனக்குப் புதியவர் அல்ல. அவர் அனுப்பும் பிறப்பு இறப்புப் பட்டியல் என் மேஜைக்குத்தான் வரும். அதற்கு முந்தைய மாதப் பட்டியலில் ஒரே முதியவர் இரண்டு முறை இறந்திருந்தார். அதற்கு விளக்கம் கேட்டுத் தாசில்தார் கையெழுத்தில் நான்தான் மெமோ அனுப்பியிருந்தேன்.

"அடடே, ஐயாவா!" என்றார் முன்சீப். குரலில் அப்படியொரு மகிழ்ச்சி. "ஏட்டய்யா, இவுரு நம்ம தாலுக்கா ஆபீசு. ரொம்பக் கண்டிப்பான மனுசரு."

"அப்புடியா? சர்க்காரு ஆளா?" ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரே சணலை அறுத்தார்.

செய்தித்தாள் விலகியது. மேலே இருந்தது நவம்பர். அட்டையில் ஒரு பெண்மணி நீச்சல் உடையில், கையில் ஒரு குடையுடன், கடற்கரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். மளிகைக் கடைக்காரர் "சிவ சிவா" என்றார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்ததில் பஸ்ஸே சற்றுச் சாய்ந்தது.

"சரக்கு இல்ல," என்றார் ஏட்டு. ஏமாற்றமும் வேறு ஏதோ ஒன்றும் கலந்த குரல். "ஆனா இதுவும் சரக்குதான். வுட முடியாது. சாரே கேட்டாரு, மகஜர் எழுதணும்னு. எழுதிடுவோம்." பேனாவை எடுத்தவர் ஆங்கிலத் தலைப்பைப் பார்த்து நின்றுவிட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்க சார். கையெழுத்து நல்லா இருக்கும்."

என்னைச் சோதனையிட்ட மகஜரை நானே எழுதினேன். சாவடியின் ஸ்டூல் மேல் காகிதத்தை வைத்து, குனிந்து நின்று, வழக்கமான வாசகங்களுடன் தொடங்கினேன். ஒரு வாசகமும் பிசகவில்லை. 'முகப்பில் நீச்சல் உடை அணிந்த ஒரு பெண்மணியின் வண்ணப்படம் கொண்டது' என்று எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன்.

"உடைன்னு எழுதாதீங்க," என்றார் ஏட்டு. "அதுல எங்க உடை கீது?"

"கொஞ்சம் இருக்கிறது."

"அப்ப கொஞ்சம்னு போடுங்க."

போட்டேன். இதழ் ஒவ்வொன்றும் முன்சீப் கைக்குப் போனது. அவர் ஒவ்வொன்றையும் கடமையுணர்வுடன் புரட்டினார். நவம்பரைப் புரட்டியபோது நடுப்பக்கத்தில் அவர் விரல் நின்றது. அந்த வெயிலில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் விரலை மட்டும்தான். எச்சில் தொட்டுப் புரட்டிவிடப் போகிறாரே என்பது என் கவலை. வேலை போகப்போகிற நேரத்தில் இப்படி ஒரு கவலை வருமா என்று கேட்டால், சேகரிப்பவர்களைக் கேளுங்கள்.

"கையெழுத்துப் போடுங்க முன்சீப்பு," என்றார் ஏட்டு.

முன்சீப் பேனாவை வாங்கினார். என்னைப் பார்த்தார். அந்தக் கையெழுத்து விழுந்தால் நான் அன்றைக்கே விழுப்புரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஏட்டய்யா, இது கோர்ட்டுக்குப் போவுமா?"

"போவாம?"

"அப்ப என்னையக் கூண்டுல ஏத்துவாங்க?"

"சாட்சின்னா ஏறத்தான் வோணும்."

"ஏத்தி, இந்தப் பொஸ்தகத்தக் கையில குடுத்து, இதான் நீ பாத்ததான்னு கேப்பாங்க?"

"ஆமா. ஒவ்வொண்ணா காட்டுவாங்க."

முன்சீப் பேனாவை ஸ்டூல் மேல் வைத்துவிட்டார். "என் பொண்ணுக்கு மண்டகப்பட்டுல சம்மந்தம் பேசிக்கினு இருக்கேன். இத நான் பக்கம் பக்கமா பொரட்டிப் பாத்தன்னு சர்க்காரு காயிதத்துல என் பேரு வர்றதா? ஆள வுடுங்க."

மளிகைக் கடைக்காரர் அதற்குள் பத்தடி பின்னால் போயிருந்தார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க," என்று அங்கிருந்தே சொன்னார்.

ஏட்டு வேறு கௌரவஸ்தர்களைத் தேடிப் பஸ்ஸைப் பார்த்தார். சாய்ந்திருந்த தலைகள் அத்தனையும் உள்ளே போயின. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சட்டம் கேட்பது கௌரவமான சாட்சியை. கௌரவமானவன் எவனும் இதில் கையெழுத்துப் போட மாட்டான். போட முன்வருபவன் கௌரவமானவன் அல்ல. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

ஏட்டு என் மகஜரை நாலாகக் கிழித்தார். "எடுத்துக்கினு போய்யா! இனிமே சட்டம் பேசினே, பாரு."

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் இதழ்களை அள்ளிப் பையில் திணித்தேன். படியில் கால் வைத்தபோதுதான் பார்த்தேன், முன்சீப்பின் அக்குளில், குடையோடு சேர்த்துச் சுருட்டி வைத்த நவம்பர். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம். ஒரு பஸ் நிறைய மனிதர்கள், ஏட்டு, கான்ஸ்டபிள் எல்லோர் முன்னிலையிலும் கையை நீட்டி, அது என்னுடையது என்று சொல்ல வேண்டும். கண்டக்டர் விசில் ஊதினார். நான் ஏறிவிட்டேன்.

அந்த வாரம் முழுதும் எந்தக் காலடிச் சத்தம் கேட்டாலும் தாசில்தார் அறையிலிருந்து அழைப்பு வருகிறது என்று தோன்றியது. அழைப்பு வந்தது. உள்ளே போனேன். மேஜைக்கு எதிரில் முன்சீப், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

தாசில்தார் என்னைப் பார்க்காமலே கேட்டார். "இவரை உமக்குத் தெரியுமா?"

"பட்டியல் விஷயமாகத் தெரியும்."

"ஆபீசுல மட்டுந்தானா?" என்றார் முன்சீப், பணிவாக. "ஐயாவ ரோட்டுலகூடப் பாத்திருக்கேனுங்க. நல்ல படிப்பாளி. பஸ்ஸுலகூடப் பொஸ்தகந்தான்."

தாசில்தார் தலையை நிமிர்த்தினார். "அப்படியா? என்ன புத்தகம்?"

"இங்கிலீசுங்க," என்றார் முன்சீப். "எனக்கு இன்னா தெரியும்?"

தாசில்தார் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டு முறை இறந்தவருக்கான விளக்கம். ஒரே பெயரில் இரண்டு பேர் என்று அதில் எழுதியிருந்தது. இருவருக்கும் தகப்பன் பெயரும் வயதும் ஒன்றாகவே இருந்தன. "உம்முடைய குறிப்பை இப்போதே எழுதும்," என்றார்.

நின்றபடியே எழுத வேண்டியிருந்தது. 'ஏற்கலாம்' என்று எழுதினால் முன்சீப் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் மெமோ அனுப்பியவனே இப்படி ஒரு விளக்கத்தை ஏற்றால், என்ன நடந்தது என்று தாசில்தாரே விசாரிப்பார். அதோடு, ஒரு மாதம் ஏற்றால் மறு மாதம் அந்த முதியவர் மூன்றாவது முறையும் இறப்பார். 'விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. எச்சரிக்கலாம்' என்று எழுதி நீட்டினேன். தாசில்தார் படித்தார். அவர் முன்சீப்பை நிமிர்ந்து பார்த்த நேரத்தில் முன்சீப் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சாவடியில் நடந்ததைச் சொன்னால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்ற கேள்வி வரும். அந்தப் பொருள் இப்போது எங்கே என்ற கேள்வியும் வரும். இருபது வருஷம் முன்சீப்பாக இருந்தவருக்கு இந்த வரிசை எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும்.

தாசில்தார் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் முன்சீப்பின் பின்னாலேயே போனேன். "அந்த ஒன்று..." என்றேன்.

"எந்த ஒண்ணுங்க?"

"நவம்பர்."

"நவம்பருக்கு இன்னும் நாளு கீதே ஐயா." குடையை விரித்தார். வராந்தாவில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. "மகஜர்ல அப்படி ஒண்ணு எழுதியிருந்தா சொல்லுங்க, தேடிப் பாக்கறேன்."

எழுதியிருந்தேன். நாலாகக் கிழிந்து சாவடி வாசலில் கிடந்தது. கைப்பற்றப்பட்ட பொருளைத் திரும்பப் பெற விண்ணப்பம் உண்டு, காணாமல் போன பொருளுக்கு உண்டு, தவறுதலாக ஜப்தி செய்த மாட்டுக்குக்கூட உண்டு. இதற்கு எதிலும் இடம் இல்லை. அன்று மாலை ஆபீசில் இருந்த விதித் தொகுப்புகள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு என் தகுதிகாண் பருவம் திருப்திகரமாக முடிந்ததாக ஆணை வந்தது. முன்சீப்பின் மகள் மண்டகப்பட்டுக்கே வாழ்க்கைப்பட்டாள். எனக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. பிறகு விழுப்புரத்துக்கு மாற்றல் கிடைத்தது. டிரங்குப் பெட்டியில் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் ஒரு வசம்புத் துண்டு மட்டும் வைத்து எடுத்துப் போனேன்.