அலுமாரிக்குள் ஸஹீதின் எழுத்து

சின்னதை வாங்குவோம் என்று சொன்னது சபூறாதான்.

தொண்ணூற்றாறில், கொழும்புக் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று முழங்கால் உயரப் பெட்டி. கையை விட்டுத் துழாவ உள்ளே இடம், பிளாப்பி போட வாய், பின்னால் பெரிய ஃபேன். மற்றது சிங்கப்பூரில் ஏதோ கம்பனிக் கந்தோரில் உழைத்துக் களைத்து வந்த சின்னப் பெட்டி. அதற்குப் பிளாப்பி வாயே இல்லை, மெமரி கூட்ட வழியில்லை, ஃபேனும் தீப்பெட்டி அளவுதான். வேகத்தில் இரண்டும் ஒன்று என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார்.

அவள் புருஷன் ஸஹீதுக்குப் பெரியதில்தான் கண். ஆனால் கல்முனை பஸ்ஸுக்கு வழிநெடுகச் சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் சாமானை இறக்கி, திறந்து காட்டி, மறுபடி ஏற்றவேண்டும்.

"இதெண்டா என்ட மடியில வெச்சிட்டு வந்திரலாம்," என்றாள் சபூறா.

அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய நியாயம் எது? ஊர் சாய்ந்தமருது வரைக்கும் அது அவள் மடியை விட்டு இறங்கவில்லை.

காரைதீவில் ரேடியோவும் கம்ப்யூட்டரும் திருத்தும் குணம்தான் அதைத் திறந்து பார்த்தார். "ஸஹீத், இதுக்குள்ள மூச்சு விட இடமில்ல. நீ செய்யிற வேலையக் கொப்பி எடுக்கிறெண்டா டிஸ்க்கக் கழட்டி என்னட்டத்தான் கொண்டு வரணும்."

ஸஹீத் ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஒருநாளும் கொண்டு போகவில்லை. ஓடுகிற மெஷினை நிறுத்திக் கழற்ற யாருக்கு மனம் வரும்?

முன்பு அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். மெஷினோடு வந்த தமிழ் எழுத்து அவருக்குப் பிடிக்கவில்லை, பட்டினி கிடந்த எழுத்து என்பார். தூரிகையில் வந்த தன் எழுத்தையே ஒவ்வொன்றாகத் திரையில் வரைந்து ஏற்றினார். எல்லாம் முடிய இரண்டு வருசம் பிடித்தது. அவர் எழுத்தில் சபூறா கல்யாணக் காட் அடித்தாள்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, நெஞ்சு நோகுது என்று படுத்த மனுஷன் எழும்பவில்லை. புருஷனை இழந்தவளுக்குரிய இத்தாவில் சபூறா உட்கார்ந்தாள், நாலு மாதமும் பத்து நாளும். வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. காட் வேலையைப் பெண்கள் அடுப்படிக் குசினிப் பக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிழைப்பு ஒருபுறம் இருக்கட்டும், அவள் விசையைத் தட்டத் தட்டத் திரையில் எழும்பியது அவர் கை. மண்ணுக்குள் போன கை அங்கே மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. அதற்காகவே அவள் விடிந்ததும் எழும்பினாள்.

துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தி திரையைக் கண்டுவிட்டாள். "இத்தா இரிக்கிற ஊட்டுல டீவியா?"

கம்ப்யூட்டர் என்று விளங்கப்படுத்தினால் கேட்கிற வாயா அது? சபூறாவைப் பெற்ற ஆயிஷா உம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. "மகள், ஆக்கள் கதைக்காங்க. அலுமாரிக்குள்ள வெய்," என்றா.

திரையும் சின்னப் பெட்டியும் அளவெடுத்துச் செய்ததுபோல் அலுமாரிக்குள் போயின. வேலிப்பக்கம் குரல் கேட்டால் சபூறா கதவைச் சாத்துவாள். நிறுத்திப் போடுவதென்றால் அது உயிர்பெற்று எழும்ப யுகமாகும். ஆகவே உள்ளேயே ஓட விட்டாள். மவுத்து வீட்டுக்கு வந்தவர்கள் லேசில் எழும்புகிறவர்களா? அழுது, கதைத்து, தேத்தண்ணி குடித்துத்தான் போவார்கள்.

அவருடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு அழைப்பு அடித்துக்கொண்டிருந்த அன்றும் ஆட்கள் வந்தார்கள். பகல் தொழுகை லுஹர் தாண்டியும் இருந்தார்கள். அவர்கள் போனபின் கதவைத் திறந்தால், பாண் சுடுகிற போறணையைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. திரை கறுத்துக் கிடந்தது.

உம்மா குணத்துக்குச் சொல்லியனுப்பினா. அவர் விறாந்தையில் திரைச்சீலைக்கு அப்பால் நின்றார். ஸ்குரூ டிரைவரை உம்மா வாங்கி உள்ளே கொடுத்தா.

"தங்கச்சி, மூடியக் கழட்டுங்க. சூடா?"

"தொட ஏலாது அண்ணன்."

"இப்ப போட்டுப் பாருங்க. டிஸ்க் என்ன சத்தம் போடுது?"

அவள் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அந்தச் சத்தத்தை அலுமாரிப் பலகையில் நகத்தால் தட்டிக் காட்டினாள். டக், டக், டக்.

"டிஸ்க் போயிட்டு தங்கச்சி. வேற போடலாம்."

"அவர்ட எழுத்து?"

"அது வராது." பிறகு, "பெரிய பெட்டியும் பழுதாகிறதுதான்," என்றார் குணம்.

"பெரிய பெட்டி அலுமாரிக்குள்ள போயிராது அண்ணன்."

குணம் ஸ்குரூ டிரைவரைத் திருப்பி வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

கத்த அழைப்பைக் குணமே தன் மெஷினில் அடித்து அனுப்பினார். அதிலும் அந்தப் பட்டினி எழுத்துத்தான். உம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தா. "வடிவாத்தானே இரிக்கி மகள்."

"ஓம் உம்மா," என்றாள் சபூறா. அந்த எழுத்தில் ஸஹீத் என்று வாசித்தபோது, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மவுத்தாகிவிட்டார் போலத்தான் இருந்தது அவளுக்கு.