முன்வரிசையின் நடு நாற்காலி

மொன்றியலில் எங்கள் மன்றத்தின் கலைவிழாவுக்கு மேடைப் பின்திரை தீட்டும் பொறுப்பு நீண்ட காலம் என்னிடமே இருந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் சித்திரம் கற்பித்தவன் என்ற மதிப்பு அதற்குக் காரணம். முன்வரிசையின் நடுவில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று எனக்கெனப் போடப்படும். அதில் அமர்ந்து என் திரையை நானே பார்ப்பது வழக்கம்.

என் மகளின் மாமியார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அதே நகரின் லாசால் பகுதியில் வசித்தார். அவர் பிரெஞ்சு படிக்கப் போன வகுப்பில், வண்ணங்களைக் குழைக்காமல் சிறு புள்ளிகளாக அருகருகே வைத்து வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் படத்தைக் காட்டினார்களாம். அன்று முதல் சம்பந்தியம்மாவும் புள்ளி வைக்கத் தொடங்கினார். அந்த ஓவியரைப் பற்றி நான் எத்தனையோ வகுப்பு எடுத்தவன். ஆனால், எங்கள் நூலகப் புத்தகத்தில் அப்படம் கறுப்பு வெள்ளையில்தான் இருந்தது. எனக்கு வாய்க்காத நிறங்கள் அவருக்கு அறுபது வயதுக்குமேல் வாய்த்தன. அது என்னைச் சுட்டது.

ஓராண்டு மன்றத்தார் விழா நாடகத்தின் பின்திரைப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். எனக்கு முதுகுவலி என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள். லாசால் ஆற்றங்கரையில் ஒரு கோடை மாலை, புல்வெளியில் நம்மவர்கள். அதுவே படத்தின் பொருள். முன்திரை விலகியதும் எனக்குத் தெரிந்தவை செம்மஞ்சளும் நீலமுமான பொட்டுகள் மட்டுமே. கொப்பளிப்பான் அம்மை போட்ட மாதிரிக் கிடக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். மேடையோரம் நின்ற சம்பந்தியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அருகே வந்து குனிந்தார்.

"அண்ணை, கிட்ட இருந்தா விளங்காது. பின்னுக்குப் போய் நிண்டு பாருங்கோ."

"முன்வரிசையில இருக்கிறவைக்கு விளங்காத படம் என்னத்துக்கு?" என்றேன்.

"பின்வரிசையிலதான் சனம் கூட, அண்ணை," என்று சிரித்துவிட்டுப் போனார்.

கைதட்டல் பின்னாலிருந்து எழுந்து முன்னே வந்தது. என் திரைகளுக்கு அது முன்வரிசையில் தொடங்கி அங்கேயே ஓய்ந்துவிடும். சிறிது பொறுத்திருந்து, எழுந்தேன்.

சென்ற பனிக்காலத்தில் அவர் காலமானார். அஞ்சலிக் கூட்டத்தில், அன்று நான் கோபித்துக்கொண்டு வெளியேறியதாக ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். இப்போது மேடையில் பின்திரைக்குப் பதிலாகக் கணினிப் படம் ஒளிர்கிறது. நாற்காலி மட்டும் இன்றும் எனக்குப் போடப்படுகிறது. அதில் அமர்கிறவன் என்ற முறையில் இதை எழுதிவைக்கிறேன். அன்று நான் போனது கடைசி வரிசைக்குப் பின்னால், குளிரங்கிகள் தொங்கும் இடத்துக்கு. அங்கிருந்து பார்த்தபோது ஆறு ஈரமாக இருந்தது. என் திரைகளில் தண்ணீர் ஒருநாளும் நனைந்ததில்லை. நாடகம் முடியும்வரை அங்கேயே நின்றேன். முன்வரிசையை விட்டு எழுந்தேன் என்பது சரி. மண்டபத்தை விட்டு வெளியேறினேன் என்பது பொய்.